கூடத்துக் காற்று

ஜனவரி 9

அக்கா,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்துக்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் கடிதம்.

பார்சலைப் பிரித்துவிட்டு, இவள் என்னத்தை அனுப்பித் தொலைத்திருக்கிறாள் என்று முகத்தைச் சுளிக்காதே. டிபன் பாக்ஸ் அளவில் இருப்பது காற்றை இழுக்கும் பம்ப். எங்கள் ஆய்வகத்துக்குப் புதுசு வந்ததும் ஒதுக்கிவைத்த பழசு, உன்னிடமே இருக்கட்டும். கூட இருக்கிற வட்டமான சின்ன டப்பாக்களுக்குக் கேசட் என்று பெயர். ஒவ்வொன்றின் உள்ளேயும் பசை தடவிய கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கும். பம்ப் காற்றை இழுக்கும்போது அதில் மிதப்பதெல்லாம் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான் வித்தை.

விஷயம் இதுதான். கோடை லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று நம் பிள்ளை சுண்டெலி இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டாள். உன் வீட்டில் இருந்தவரை அவளுக்கு வாரம் தவறாமல் மூச்சு இழுத்தது. இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது, பம்பரமாகச் சுற்றுகிறாள். வீட்டில் எங்கேயோ பூஞ்சை இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னதற்குத்தான் நீ என்னை அந்தக் கிழி கிழித்தாய். சரி, உன் வாயும் வேண்டாம், என் வாயும் வேண்டாம். காற்று சொல்லட்டும். சரியாக வந்தால் ஏப்ரல் கடைசியில் பிள்ளையைக் கூட்டி வருகிறேன். இது சத்தியம்.

எடுக்கிற முறை: முதல் நாளே ஜன்னலெல்லாம் சாத்திவிடு. கூட்டாதே, துடைக்காதே, வாசனை மருந்து எதுவும் அடிக்காதே. மின்விசிறி ஓடக் கூடாது. நீ அதிக நேரம் இருக்கிற இடத்தில், உட்கார்ந்தால் மூக்கு இருக்கிற உயரத்தில் பம்பை வைத்துப் பொத்தானை அழுத்து. தானாக நின்றுவிடும். வாசலுக்கு வெளியே ஒன்று கட்டாயம் எடு. வெளிக்காற்றிலும் பூஞ்சை வித்து மிதந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே அதைவிடக் கூடுதலா, வேறு வகையா என்பதுதான் கேள்வி.

எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் கிளம்பிய அன்று, தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டோம் என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். சுண்டெலி பூட்டியிருந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு “பெரியம்மா, பெரியம்மா”ன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டாள். உள்ளே விளக்கு எரிந்தது. நீ வரவில்லை. என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்டியிருக்கலாம். ஐந்து வருஷம் நீ தூக்கி வளர்த்த பிள்ளை அது.

தங்கை


ஜனவரி 17

அடியே சின்னவளே,

உன் டிபன் பாக்ஸ் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடி எல்லாம் எடுத்தாயிற்று. கூடத்தில் ஒன்று, உங்கள் அறையில் ஒன்று, வாசலில் ஒன்று. டப்பா மேலே சீட்டு ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன். எந்த டப்பா எந்த இடம் என்று குழப்பிவிட்டாயே என்று நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது.

கூடத்தின் நடுவில் ஸ்டூலை எடுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்தேன். அது உறுமிக்கொண்டு காற்றை இழுக்கிற வரைக்கும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ பெரிய மனிதர் வந்து உட்கார்ந்துகொண்டு, பேசாமல் மூச்சு மட்டும் விடுகிற மாதிரி இருந்தது. எழுந்து டீ போடலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷமாக ஆஸ்பத்திரி வார்டைப் பார்க்கிறவள் நான். என் வார்டுத் தரையில் விழுந்த மாத்திரையைக் கழுவாமல் வாயில் போடலாம் என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவளிடம், வந்திருந்த உன் சிநேகிதி முன்னால், “அக்கா, உன் வீட்டுக் காத்துதான் பிள்ளைக்கு ஆகலை”ன்னு சொன்னாய். வீட்டைச் சொன்னதாகவா எனக்குக் கேட்கும்? என்னைச் சொன்னதாகத்தான் கேட்டது. இப்போதும் அப்படித்தான் கேட்கிறது.

கேட் விஷயமாக நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. விரலெல்லாம் எரிகிறது, பேனா பிடிக்க முடியவில்லை. சுண்டெலிக்குப் பல் விழுந்ததாமே. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். என்னிடம் நீ ஏன் சொல்லவில்லை?

அக்கா


ஜனவரி 28

அக்கா,

முதலில் நல்ல செய்தி. உன் கூடமும் எங்கள் அறையும் வாசலைவிடச் சுத்தம். எழுத்துப்படி பார்த்தால் நீ ஜெயித்துவிட்டாய். எங்கள் மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, “யார் வீடும்மா இது, யாராச்சும் குடியிருக்காங்களா?”ன்னு கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியை எடுத்து நானே திரும்பப் பார்த்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை வித்துகளை மட்டும் பார்ப்பதில்லை. துணி நூல், மகரந்தம், இன்னும் என்னென்னவோ ஒட்டியிருக்கும். எந்த வீட்டுக் கண்ணாடியிலும் அதிகமாக இருப்பது மனிதத் தோல். நாம் உட்கார்ந்து எழுந்தாலே போதும், கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். நீ மருந்து ஊற்றித் தரையைத் தேய்த்திருப்பாய் என்று விரல் எரிச்சலிலிருந்தே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். ஆனால் எவ்வளவுதான் தேய்த்தாலும் ஆள் புழங்குகிற இடத்தில் ஒரே பொழுதில் தோல் துகள் திரும்ப வந்துவிடும். உன் கூடத்தில் அது கிட்டத்தட்ட இல்லை. எதிரே நாற்காலி போட்டு நீ உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அதில் தெரிகிறது. எங்கள் அறையில் அதுவும் இல்லை.

அக்கா, அந்தக் கூடத்தில் நீ உட்காருவதே இல்லை, இல்லையா? டிவி பார்ப்பதில்லை, பேப்பர் படிப்பதில்லை. பம்பை விருந்தாளி மாதிரி நல்ல இடத்தில் உட்கார வைத்துவிட்டாய். நீ இருக்கிற இடத்தில் வைக்கச் சொன்னேன்.

எங்கே இருக்கிறாய்?

சுண்டெலி இன்னொன்றும் சொன்னாள். “பெரியம்மா போன்ல இருமிக்கிட்டே இருந்தாங்கம்மா. நான் கேட்டா, சிரிப்பு வந்துச்சுன்னு சொல்றாங்க.” உனக்கு எப்போதிலிருந்து சிரித்தால் இருமல் வருகிறது?

தங்கை


பிப்ரவரி 5

பிறத்தியார் வீட்டுத் தோலை எண்ணுவதற்கா உன்னை அவ்வளவு தூரம் படிக்க வைத்தேன்?

காற்று சரியாக வந்தால் கூட்டி வருகிறேன் என்றாய். சரியாக வந்துவிட்டது. இப்போது என்னடாவென்றால் காற்று ரொம்பச் சரியாக இருக்கிறது என்று அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்கிறாய். நான் எங்கே உட்காருகிறேன், எங்கே படுக்கிறேன் என்பதெல்லாம் என் சொந்த விஷயம். நாற்பது கட்டிலுக்குப் பொறுப்பாக இருக்கிறவளுக்கு இருமத் தெரியாதா, இருமலுக்கு மருந்து எடுக்கத் தெரியாதா?

பிள்ளையை அனுப்பினால் அனுப்பு. இல்லாவிட்டால் விடு. கெஞ்சுவேன் என்று எதிர்பார்க்காதே.

இன்ஹேலர் மூடியை அவள் தொலைத்துவிடுவாள். கழுத்தில் கயிறு போட்டு மாட்டிவிடு. பச்சைக் கயிறு வேண்டாம், அது அவளுக்குப் பிடிக்காது.

அக்கா


பிப்ரவரி 19

சின்னவளே,

நீ பதில் போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஏதாவது சூடாக எழுதியிருப்பேன், அதிலேயே காலம் போயிருக்கும். நீ பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்ன வயதிலும் உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான்.

வாசல் கேட்டை ஒட்டின அறையில் இருக்கிறேன். படிக்குக் கீழே இருக்கிறதே, சுண்டெலி பொம்மைச் சாமானெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நாள் முழுக்க விளையாடுவாளே, அந்த அறை. அக்டோபரிலிருந்து அங்கேதான் படுக்கை, அங்கேதான் சாப்பாடு. பேப்பரும் அங்கேதான். கூடத்துக்குப் போனால் கூட்டிப் பெருக்கத்தான் போவேன். உங்கள் அறையில் விரிப்பை மாற்றிக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஏன் அந்த அறை என்று கேட்பாய். நீ எழுதிய கேட் விஷயம்தான். நீங்கள் போன அன்று நான் பின்னால் குளியலறையில் இருந்தேன். உங்கள் விரிப்புகளைப் போட்டுத் துவைத்துக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்தேன். யாருக்குக் கேட்கக் கூடாதோ அவர்கள்தான் கிளம்பிப் போய்விட்டார்களே, அது கூடத் தோன்றவில்லை. மறுநாள் எதிர்வீட்டு டிரைவர், “உங்க பாப்பா ரொம்ப நேரம் கூப்பிட்டுச்சுங்களே, வீட்ல இல்லையா நீங்க?”ன்னு கேட்டார். அப்போதுதான் எனக்கே தெரியும். அவள் கூப்பிட்டு நான் வராமல் இருப்பேனா? நீ அதை நம்பினாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த அறையிலிருந்தால் கேட் திறக்கிற சத்தம் கேட்கும். வேறு எங்கிருந்தாலும் கேட்காது. அதற்காகத்தான். பைத்தியக்காரத்தனம் என்று நீ சொல்லலாம். எனக்கே தெரியும்.

பழைய தண்ணீர்க் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கும். சுண்ணாம்பு உப்பிக்கொண்டு, கீழே கறுப்பாகப் படர்ந்திருக்கிறது. காலண்டரை மாட்டி மறைத்தேன். அதைவிடப் பெரிய காலண்டர் கிடைக்கவில்லை. நோயாளியிடம் இப்படி ஒன்று பார்த்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

இருமல் நவம்பரிலிருந்து. கேட்டாய், எழுதிவிட்டேன்.

கூட ஒரு கேசட் வைத்திருக்கிறேன். இந்த அறையில் எடுத்தது. ஜன்னல் சாத்தி, கூட்டாமல், துடைக்காமல், போர்வையை உதறாமல், கட்டில் தலைமாட்டில் வைத்து எடுத்தேன். வாசலிலும் ஒன்று. இது வந்த பிறகு பிள்ளையை அனுப்ப மாட்டாய். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் நானும் குழாயைத் திறந்துவிட்டேன். நம் குடும்பத்துக்கே தண்ணீர்ச் செலவு அதிகம்.

நாலைந்து மாதம் உன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே விளக்கு எரிந்ததே, வரவில்லையே என்று அதையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். அதுதான் உண்மை.

கேசட்டைப் பார்த்தாயிற்று. எண்ணுவதற்கே இடமில்லை, அவ்வளவு நெருக்கம். வாசலில் இருக்கிற வகை வேறு, இது வேறு. ஈரச் சுவரில் மட்டும் வளர்கிற வகை. சங்கிலி சங்கிலியாக இருக்கும். நம் சுண்டெலி அந்த அறையில்தான் நாள் முழுக்கத் தரையில் உருண்டாள். இப்போது நீ. இதில் உன் துடைப்பத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை அக்கா. சுவருக்கு உள்ளே கசிகிற குழாயை எந்தத் துடைப்பம் பெருக்கும்? அன்றைக்கு அதை இப்படிச் சொல்லத் தெரியாமல் என்னவோ உளறிவிட்டேன், அதுவும் ஆள் முன்னால். உனக்கு வலித்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

இனி நான் சொல்வதை மறுபேச்சு இல்லாமல் கேள். இன்றைக்கே அந்த அறையிலிருந்து வெளியே வா. எங்கள் அறையில் படு. கட்டில் உன்னைக் கடிக்காது. மெத்தையும் தலையணையும் குப்பைக்கு. குழாய் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு முதலில் கசிவை நிறுத்தச் சொல். பிறகு ஓதம் ஏறின பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். மேலே பெயின்ட் அடித்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடு. கொத்தும்போது கதவு இடுக்கில் பாலித்தீன் ஷீட் ஒட்டி, நீ வெளியே இருக்க வேண்டும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுப் பூச்சு. அதற்கப்புறம் எல்லா அறையிலும் திரும்பக் காற்று எடுத்து அனுப்பு. நெஞ்சை உன் டாக்டரிடம் காட்டு. மருந்து நீயே எடுத்துக்கொள்ளாதே.

கேட் சத்தம் கேட்காதே என்று யோசிப்பாய். இந்தப் பார்சலில் வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று இருக்கிறது. பொத்தானைக் கேட்டில் ஒட்டு, மற்றதை எந்த அறையில் இருந்தாலும் பக்கத்தில் சொருகிக்கொள். குளியலறைக்குப் போனாலும் கேட்கும். குழாய் திறந்திருந்தாலும் கேட்கும். எங்கள் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பொத்தானை எந்த உயரத்தில் ஒட்ட வேண்டும் என்று சுண்டெலி சுவரில் கோடு போட்டுக் காட்டினாள். அளவு நூல் உள்ளே இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 11

சின்னவளே,

குழாய்க்காரர் வந்து சுவரை உடைத்துப் பார்த்துவிட்டு, “இது எத்தனை வருஷமா அழுதுக்கிட்டு இருக்கோ தெரியலை”ன்னார். நம்மைச் சொல்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். கசிவு நின்றுவிட்டது. பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தாயிற்று. மேலே பெயின்ட் அடிக்கலாம் என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் சொல்லவில்லை. சுவர் காய்ந்து, புதுப் பூச்சும் காய்ந்து, இப்போது கை வைத்தால் சாதாரணச் சுவர் மாதிரி இருக்கிறது.

டாக்டர் நெஞ்சைப் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை, மருந்து தந்திருக்கிறார். அந்த அறையை விட்டு வந்த பிறகே பாதி குறைந்துவிட்டது. படி ஏறும்போது நிற்க வேண்டியிருப்பதில்லை. நின்றுகொண்டிருந்தேன் என்று உன்னிடம் சொல்லவில்லை, இல்லையா? சரி, இப்போது சொல்லிவிட்டேன்.

பெல்லைச் சுண்டெலி கொடுத்த நூல் அளவுக்கு ஒட்டினேன். பெரியவர்கள் குனிந்துதான் அழுத்த வேண்டியிருக்கிறது. பால்காரர் தினமும் முனகுகிறார். முனகட்டும்.

எல்லா அறையிலும் காற்று எடுத்து அனுப்பியிருக்கிறேன். துடைக்காமல் எடுத்தேன். கை துறுதுறு என்று இருந்தது. துடைப்பத்தை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்துதான் பொத்தானை அழுத்தினேன். கூடத்தில் இப்போது உட்காருகிறேன், பேப்பர் படிக்கிறேன். உன் கண்ணாடியில் அது தெரிகிறதா பார்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

தெரிகிறது.

எண்ணிக்கை வாசலைவிடக் குறைவு, வகையும் வாசலில் இருக்கிறதேதான். படிக்குக் கீழ் அறையும் சேர்த்து. 27ஆம் தேதி காலை வண்டியில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வராதே. வீட்டிலேயே இரு. பெல்லை அழுத்த வேண்டும் என்று உன் செல்லம் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

தங்கை


ஜூன் 2

சின்னவளே,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று போனில் சொன்னாய். அதற்கப்புறமும் ரொம்ப நேரம் பேசினோம், சண்டை வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் எழுதிப் பழகிவிட்டேன்.

ஒரு மாதத்தில் ஒரு தடவை கூட அவளுக்கு மூச்சு இழுக்கவில்லை. தினமும் அவள் தூங்கின பிறகு முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ நெஞ்சுகளில் காது வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்றுமே கேட்காமல் இருந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்தப் பெல்லைப் பற்றி ஒன்று. வந்த அன்று காலையில் அது அடித்தபோது நான் குளியலறையில்தான் இருந்தேன். ஸ்டேஷனுக்கு வராதே என்று நீ சொன்னதால் பொறுமையில்லாமல் எதையாவது துவைத்துக்கொண்டிருந்தேன். குழாய் திறந்துதான் இருந்தது. நன்றாகக் கேட்டது. சோப்புக் கையோடு ஓடி வந்ததை நீதான் பார்த்தாயே.

கடைசிக் கேசட் ஒன்று மிச்சம் இருந்தது. நீங்கள் போன மறுநாள் கூடத்தில் வைத்து எடுத்தேன், நீ கேட்காமலே. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பூஞ்சையை எண்ண வேண்டாம். மற்றதைப் பார். அவளுடைய மஞ்சள் கவுன் நூல் இருக்கும், பிஸ்கட் தூள் இருக்கும். மூன்று பேர் தோலும் இருக்கும். யாருடையது எது என்று உன் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கூடத்தை இன்னும் துடைக்கவில்லை. நாளைக்குத் துடைத்துவிடுவேன். நேற்றும் அப்படித்தான் சொன்னேன்.

அக்கா